ஒரே மாதிரி இரண்டு மேடுகள்

கும்மிடிப்பூண்டி
6-8-1973

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

சத்தியநாதன் எழுதுவது. கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால், மீதியையும் வாசித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தங்கை சுகிர்தத்தை அடக்கம் செய்த மறுநாள், "என் தங்கச்சி இல்லாத வீட்டில் எனக்கு ஒருத்தரும் இல்லை" என்று என் வாசலில் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தச் சொல்லை நான் இத்தனை வருஷமாக மீறியதில்லை. இப்போது மீறும்படி ஆகிவிட்டது.

எழுத வேண்டிய செய்திகள் மூன்று.

முதலாவது, எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் தொழிற்சாலை கட்ட ஒரு கம்பெனிக்குப் போகிறது. ரயில் பாதைக்குக் கிழக்கே நிலமெல்லாம் எடுத்தாகிவிட்டது. சபைக்கு வேறு இடம் தந்திருக்கிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் அவரவர் தங்கள் வீட்டாரின் மேட்டைக் காட்டி, எலும்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் காட்டாத மேடுகளைச் சமப்படுத்திவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் கல் நடுவதில்லை, பேர் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணைக் குவித்து, பழவேற்காட்டுக் கிளிஞ்சல்களைச் சிலுவையாகப் பதிப்போம். பணம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அவ்வளவுதான். பேரை அறிந்தவர் மேலே இருக்கிறார் என்று சபையின் முன்னோர் செய்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியனாக நான் இங்கே வந்த புதிதில் அது எனக்கு மிகவும் அழகாகப் பட்டது. இப்போது பயமாக இருக்கிறது.

நிலத்தைச் சமப்படுத்தும் குத்தகைக்காரரின் ஆள் வரதன் என்பவர் தினமும் என் வீட்டு வழியாகப் போகிறார். "இன்னா வாத்தியாரே, எல்லாரும் காட்டிட்டாங்கோ, உன்னுது மட்டும் பாக்கி கீது. மிஷின் வந்துச்சின்னா அதுக்குக் கண்ணு கெடையாது, சொல்ட்டேன்" என்கிறார். கெட்டவர் அல்ல. குரல்தான் அப்படி. ஆனாலும் அவர் சைக்கிள் மணி கேட்டால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

இரண்டாவது, சுகிர்தத்தைத் திருவள்ளூரில் உங்கள் தாயார் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அன்று கேட்டீர்கள். வாந்திபேதியில் இறந்த உடலை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக விடவில்லை. இன்று அந்தத் தடை இல்லை. உங்களுக்கு விருப்பமானால் அங்கேயே அனுப்பிவைக்கிறேன்.

மூன்றாவது செய்தி நினைவுக்கு வரவில்லை. எழுத உட்கார்ந்தபோது இருந்தது. வந்தால் எழுதுகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
வே. சத்தியநாதன்


திருவள்ளூர்
13-8-1973

வாத்தியார் அவர்களுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை. அதைத் தேடி எடுப்பதற்குள் கோபம் கொஞ்சம் ஆறிவிட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

சுகிர்தம் இங்கே வரட்டும். அம்மாவுக்கு இடப்பக்கம் இடம் இருக்கிறது. எனக்கென்று வைத்திருந்தேன். நான் எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்வேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தே பழகியவள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்திலேயே அந்த மீன்காரியையும் புதைத்தீர்கள். குப்பாயி. பேரை மறக்க முயன்றேன், முடியவில்லை. உங்கள் வாசலில் கூடையோடு விழுந்தவள். அவளுடைய ஆட்களே பயந்து தூர நின்றபோது என் தங்கை பள்ளிக்கூடக் கொட்டகையில் அவளைக் கிடத்தி, வாந்தியும் பேதியும் அள்ளி, அவளிடமிருந்தே நோயை வாங்கிக்கொண்டு போனாள். முப்பது வருஷம் நர்சாக இருந்த எனக்குத் தெரியாதா, எப்படி அள்ள வேண்டும், எப்படிக் கை கழுவ வேண்டும் என்று? எனக்கு ஒரு தந்தி அடித்திருந்தால் ஓடி வந்திருப்பேன். நீங்கள் கொட்டகைக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். ஊரே சொன்னது.

எனவே என் தங்கை மட்டும் வர வேண்டும். அந்தப் பெண்பிள்ளையின் ஒரு விரல் எலும்புகூட என் அம்மாவின் பக்கத்தில் வரக்கூடாது.

மூன்றாவது செய்தி என்ன?

எஸ்தர் பாக்கியம்


கும்மிடிப்பூண்டி
20-8-1973

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குடையைப் பற்றி எழுதியது உண்மை.

மூன்றாவது செய்தி இன்னும் வரவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்று வந்துவிட்டது. அதை எழுதுகிறேன்.

போன வாரம் பென்ஷன் விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குப் போய்த் திரும்பும்போது, ஸ்டேஷன் அருகே வந்ததும் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. தெரு இருந்தது, கடைகள் இருந்தன, என் கையில் பை இருந்தது. வழி மட்டும் இல்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். யாரிடமாவது கேட்டால், ஊருக்கே எழுதப்படிக்கக் கற்றுக்கொடுத்தவன் தன் வீடு எங்கே என்று கேட்கிறான் என்று ஆகிவிடும். கடைசியில் கீரை விற்கும் அஞ்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா வாத்தியாரே, யாரையாச்சும் பாக்கத்துக்கோசரம் நிக்கிறியா?"

"இல்லை, சும்மா."

"சும்மா வெயில்ல நிப்பாங்களா? ஊடு அந்தாண்ட கீது, நீ இந்தாண்ட பாத்துக்கினு நிக்கிறே. வா, நானும் அங்கதான் போறேன்."

அவள் அந்தப் பக்கம் போகிறவள் அல்ல. அதுவும் எனக்கு வீடு சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். தயவுசெய்து கோபிக்காமல் பதில் எழுதுங்கள். அடக்கத்துக்கு மறுநாள் நீங்கள் தோட்டத்துக்கு வந்தபோது இரண்டு மேடுகள் அருகருகே இருந்தன. ஒன்றின்மேல் விழுந்து அழுதீர்கள். அது வேப்பமரத்துப் பக்கம் இருந்த மேடா, வாய்க்கால் பக்கம் இருந்த மேடா?

தங்கள் பணிவுள்ள,
சத்தியநாதன்


திருவள்ளூர்
27-8-1973

மாப்பிள்ளைக்கு,

இதென்ன கேள்வி? கட்டிய பெண்சாதி எங்கே கிடக்கிறாள் என்று புருஷன் மைத்துனியிடம் விசாரிப்பானா? நீங்கள்தானே மண் போட்டீர்கள்? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது நீங்கள்தானே?

எந்த மேடு என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணை மறைத்துக்கொண்டு கண்ணீர் வந்தது. "எது என் தங்கச்சி?" என்று கேட்டேன். குடையை நீட்டினீர்கள். நீட்டிய பக்கம் விழுந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வழி தெரியாமல் நின்றதை எழுதிய பகுதியை எடுத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. வயதானால் சிலருக்கு வரும் என்றார்கள். தனியாக அடுப்பு மூட்ட விடக்கூடாது என்றார்கள். நீங்கள் தனியாகத்தான் மூட்டுகிறீர்களா?

அடையாளம் வேண்டுமானால் நான் தருகிறேன். சின்ன வயதில் சுகிர்தம் கிணற்றுச் சுவரிலிருந்து விழுந்து வலது முன்கையை உடைத்துக்கொண்டாள். வைத்தியன் சரியாகக் கட்டவில்லை, எலும்பு வளைந்துதான் கூடியது. அதனால்தான் குடத்தை எப்போதும் இடது இடுப்பில் வைப்பாள். நீங்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டையும் தோண்டச் சொல்லுங்கள். வளைந்த கை இருப்பவள் என் தங்கை. மற்றவளைச் சபைக்குக் கொடுத்த புது இடத்தில் வைத்துவிடுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பாக்கியம்


கும்மிடிப்பூண்டி
3-9-1973

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

குடம் இடது இடுப்பில். ஆமாம். நீங்கள் எழுதிய பிறகு ஆமாம் என்று தோன்றுகிறது. எழுதும்வரை எனக்குத் தெரிந்திருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பயப்படுவது இதற்குத்தான்.

இனி மறைத்துப் பயனில்லை. இரண்டில் எது சுகிர்தம் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை முறையாக எழுதிவிடுகிறேன்.

குப்பாயி ஞானஸ்நானம் பெறாதவள். அவளைச் சபையின் தோட்டத்தில் வைக்கக்கூடாது என்று மூப்பர் அருமைநாயகம் சொன்னார். சுகிர்தம் அப்போது உயிரோடு இருந்தாள். படுத்தபடியே, "அவளைத் தனியா விட்டுடாதீங்க" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது அதுதான். மூப்பர் வெளியூர் போயிருந்த நேரத்தில் குப்பாயியை அடக்கம் செய்தேன். இரண்டு நாள் கழித்து சுகிர்தமும் அவள் பக்கத்தில் போனாள். மூப்பர் திரும்பி வந்து, அந்நியப் பிணத்தைத் தோண்டி வெளியே போடுவேன் என்றார். எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? இரவோடிரவாக என்று நினைக்க வேண்டாம், பட்டப்பகலில்தான், இரண்டு மேடுகளையும் ஒரே நீளம், ஒரே உயரமாக ஆக்கினேன். கிளிஞ்சல்களை ஒரே அளவில் பொறுக்கிப் பதித்தேன். எது யாருடையது என்று தெரியாமல் மூப்பர் கை வைக்கமாட்டார் என்பது என் கணக்கு. எனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன்.

நீங்கள் வந்து "எது என் தங்கச்சி?" என்று கேட்டபோது மூப்பர் உங்களுக்குப் பின்னால்தான் நின்றார். நான் குடையை இரண்டுக்கும் நடுவே நீட்டினேன். நீங்கள் ஒன்றின்மேல் விழுந்து அழுதீர்கள். அது குப்பாயியாக இருந்திருக்கலாம். நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் இரண்டுக்கும் ஒரே அளவு மெழுகுவர்த்தி, ஒரே மாதிரி பூ. மூப்பர் இறந்த பிறகும் அப்படியே செய்தேன். பழகிவிட்டது. வேப்பமரத்தை வைத்து ஓர் அடையாளம் வைத்திருந்தேன். அந்த மரத்தைப் போன மாதம் கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். மரத்தோடு, அந்தப் பக்கம் இருப்பது யார் என்ற நினைவும் போய்விட்டது.

மூன்றாவது செய்தி இப்போது வந்துவிட்டது. சுகிர்தத்தின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சேலை வருகிறது, சமையலறையில் திரும்பி நிற்பது வருகிறது. முகம் திரும்பவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோ உங்களிடம்தான் இருக்கிறது. கேட்க எனக்கு முகமில்லை.

சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் ஐயரிடம் மறைமுகமாகக் கேட்டேன், பரலோகத்தில் பூமியின் ஞாபகம் இருக்குமா என்று. "அங்கே துக்கமே இல்லை வாத்தியாரே. ஆகையால் துக்கமான ஞாபகம் எதுவும் இராது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் சுகிர்தத்துக்கும் நடுவே இருந்ததில் பெரும்பகுதி துக்கம். பிள்ளை இல்லாத துக்கம், நான் கொட்டகைக்கு வெளியே நின்ற துக்கம். அதையெல்லாம் துடைத்துவிட்டால் நான் அவளை எதைக் கொண்டு கண்டுபிடிப்பேன்? அங்கும் ஸ்டேஷன் வாசலில் நின்றதுபோல் நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது. அடுப்பு நான்தான் மூட்டுகிறேன்.

சத்தியநாதன்


திருவள்ளூர்
8-9-1973

மாப்பிள்ளைக்கு,

கார்டில் எழுதுகிறேன். நீளமாக எழுதினால் என்ன எழுதுவேனோ தெரியாது. அவள்மேல் விழுந்தா நான் அழுதேன்? கையைப் பாருங்கள். வளைந்த கை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஒருத்தி மட்டும் வர வேண்டும்.

பாக்கியம்


கும்மிடிப்பூண்டி
19-9-1973

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை முனுசாமி உங்கள் கையில் தருவான். குழி வெட்டுகிறவன், நம்பிக்கையானவன். அவனோடு வரும் பெட்டியைத் திறக்குமுன் இதை வாசித்துவிடுங்கள்.

நேற்றுக் காலை தோண்டினோம். நான் வரப்பில் நின்றேன். குடை கொண்டுபோகவில்லை. எதனாலோ அதை எடுக்கக் கை வரவில்லை. வரதன் ஓரமாக நின்று பீடி பிடித்தார். பிறகு அவராகவே அதைக் கீழே போட்டு மிதித்துவிட்டார்.

முனுசாமி முதல் மேட்டைத் திறந்து, எடுத்ததை வெள்ளைத் துணியில் வைத்துக் கட்டினான். இரண்டாவதைத் திறந்து அதையும் கட்டினான். உங்கள் கடிதத்தில் உள்ளதை அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து கேட்டான்.

"வாத்தியாரே, கைய பாக்கணும்னியே. அவுக்கட்டா? நீயே பாக்கறியா, நான் பாத்து சொல்லட்டா?"

பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஒருத்தியை வண்டியில் ஏற்றி, மற்றவளை விட்டுவிட்டு வர வேண்டும். "அவளைத் தனியா விட்டுடாதீங்க" என்றது என் காதில் கேட்டது. முகம் இல்லை, அக்கா. குரல் மட்டும் கேட்டது. முகம் மறந்துபோன எனக்கு அந்த ஒரு வாக்கியம் ஏன் மறக்கவில்லை என்று அங்கேயே நின்று யோசித்தேன்.

"வேண்டாம் முனுசாமி. இரண்டையும் ஒரே பெட்டியில் வை" என்றேன்.

"அந்தம்மா ஒன்னுதான் கேட்டாங்கன்னு சொன்னியே?"

"ஆமாம்."

"அப்ப பேஜாருதான் உனுக்கு" என்றான். ஆனால் வைத்துவிட்டான்.

இதை அன்பினால் செய்தேனா, எலும்பைப் பார்க்கப் பயந்து செய்தேனா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க யோசித்தும் விளங்கவில்லை. நீங்கள் பயம் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். பெட்டியைத் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்வேன். புது இடத்தில் இருவரையும் சேர்த்தே வைப்பேன்.

வண்டி வைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தபோது வரதன் வந்து, "நைனா, நாளைக்கு லாரி செங்கல் ஏத்த திருவள்ளூருக்குக் காலியாத்தான் போவுது. பொட்டிய ஏத்து. துட்டு கிட்டுன்னு எதுவும் பேசாதே" என்றார். அவர் மணி அடித்தால் ஒளிந்துகொண்டவன் நான்.

கூடவே நானும் வந்திருக்க வேண்டும். திரும்பி வர வழி தெரியாமல் போய்விடுமோ என்று வரவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே நிற்கவும் பயம்.

சத்தியநாதன்


திருவள்ளூர்
24-9-1973

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே வாசித்தேன். வாசித்து முடித்ததும், "இதைத் திரும்ப லாரியில் ஏத்து" என்று முனுசாமியிடம் சொன்னேன்.

"எங்கம்மா ஏத்தறது? செங்கல் ரொப்பிட்டாங்கோ. நானே அது மேல குந்திக்கினுதான் போவணும்" என்றான்.

பசியோடு இருந்தான். திட்டிக்கொண்டே நாஷ்டா வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "வாத்தியாரு பொட்டிய மூடறப்போ, போய்ட்டு வாங்கம்மா ரெண்டு பேரும்னாரு. அக்கா திட்டுவாங்கோ, பொறுத்துக்கோங்கோன்னாரு. எனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி." இதை நீங்கள் எழுதவில்லை.

அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். உங்களால் முடியாததை நான் செய்வேன், எனக்குப் பழக்கம் என்று நினைத்தேன். முதல் மூட்டையை அவிழ்த்ததும் வளைந்த கை இருந்தது. மடியில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு மற்ற மூட்டையை அவிழ்த்தேன். வேறாக எடுத்துவைத்து அடுத்த லாரியில் உங்களுக்கே அனுப்புவதற்காகத்தான். தம்பி, பல்லைப் பார்த்தேன். கடைசிக் கடைவாய்ப்பல் இன்னும் முழுசாக முளைத்திருக்கவில்லை. தோள் எலும்பு முனை ஒட்டியிருக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. இத்தனை வருஷமும் நான் மனதில் வைத்து வைதுகொண்டிருந்தது வெற்றிலைக்கறை படிந்த வாயாடிக் கிழவி ஒருத்தியை. சின்னப் பெண் என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று உங்கள்மேல் கோபம் வந்தது. உடனே, நான் எப்போது கேட்டேன் என்றும் தோன்றியது. பிள்ளையில்லாத என் தங்கை, வாசலில் விழுந்து கிடந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபோது எதைப் பார்த்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. நானாக இருந்தாலும் தூக்கியிருப்பேன். கையைக் கழுவியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று நான் எந்த மேட்டில் அழுதேனோ, அழுகை வீண் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அழ ஓர் ஆள் வேண்டியிருந்ததே.

நேற்று இருவரையும் அம்மாவின் இடப்பக்கம் வைத்தோம். இங்கே கல் நடும் வழக்கம் உண்டு. கல்கொத்தன் செதுக்க வேண்டிய பேர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, "யாரும்மா இவங்கோ, அக்கா தங்கச்சியா?" என்றான். "ஆமா, என் தங்கச்சிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திருத்தவும் தோன்றவில்லை.

பயமா, அன்பா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வார்டில் எத்தனையோ ராத்திரி நானும் பயந்துகொண்டேதான் ஊசி போட்டேன். நோயாளிக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. என் பயத்தை யாரும் கேட்கவில்லை. உங்களைப் போல் படித்தவள் இல்லை நான், ஐயர் சொன்ன பரலோகக் கணக்கு எனக்குப் புரியாது. பெற்ற பிள்ளை பேரைக்கூட மறந்துபோன கிழவிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். பிள்ளை வந்து நின்றால் இவள் பார்த்தது பார்த்தபடி படுத்திருப்பாள். அந்தப் பிள்ளைதான் குனிந்து, "அம்மா, நான்தான்" என்று சொல்லும். அங்கேயும் ஒருத்தர் குனிவார் என்று நம்புகிறேன். அவருக்கு நம்முடைய ஞாபகம் தேவையில்லை. உங்கள் பெண்சாதிக்கும் தேவையிராது.

போட்டோவைத் தபாலில் அனுப்பமாட்டேன். என் வீட்டு நடுச்சுவரில் மாட்டிவிட்டேன். பார்க்க வேண்டுமானால் இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். வந்தால் திரும்பிப் போக வழி தேட வேண்டியதில்லை, பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது. அடுப்பை நான் மூட்டிக்கொள்கிறேன். கல்லறைத் திருநாளுக்குள் வந்துவிடுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவது இன்னும் உங்கள் வேலைதான், ஒரே அளவில் இரண்டு.

கிளம்பும் நாளை எனக்கு எழுதிவிட்டு, அஞ்சம்மாளிடம் சொல்லி ரயில் ஏறிக்கொள்ளுங்கள். முனுசாமி கூட வந்து, பேசின் பிரிட்ஜில் இறக்கி உங்களைத் திருவள்ளூர் ரயிலில் ஏற்றிவிடுவான், அவனுக்கும் கார்டு போட்டிருக்கிறேன். இங்கே ஸ்டேஷனில் நான் நிற்பேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, உடம்பும் பெருத்துவிட்டது. உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். இறங்கி, இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள். உங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் அக்கா,
பாக்கியம்